சனீஸ்வரனுக்கு லண்டனில் ஒரு கோயில்

கோயில் ஒன்று கட்டலாம் என்றிருக்கிறேன். இங்கே இல்லை, லண்டனில். வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம், பிரிட்டிஷ் நிதித் துறை அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல் நாலு சென்ட் இடம் கிடைத்தால் போதும். மூலவர் சனீஸ்வரன். வாகனத்துக்குப் பஞ்சமில்லை. லண்டன் டவர் கோட்டையில் அண்டங்காக்கைகளை ராஜ மரியாதையோடு தீனி போட்டு வளர்க்கிறார்கள். அவை பறந்து போய்விட்டால் ராஜ்ஜியம் விழுந்துவிடும் என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. காக்கைகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. விழுந்தது பள்ளிக்கூடத்துக் கூரை.

2018 ஜூலையில், கென்ட் பகுதியின் கிரேவ்ஸெண்ட் ஊரில், சிங்கிள்வெல் தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் அறைக்கு மேலிருந்த தட்டைக் கூரை இடிந்து விழுந்தது. விழுந்த நாள் சனிக்கிழமை. பள்ளியில் பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நம் ஊரில் ஒருவனுக்குக் கேடுகாலம் வந்தால் சனி பிடித்தது என்போம். அங்கே கூரையைச் சனி பிடித்தது, பிள்ளைகளைச் சனிக்கிழமை காப்பாற்றியது. அதற்கப்புறம் ஐந்து ஆண்டுகள், சுற்றறிக்கைகளையும் கேள்வித்தாள்களையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், இங்கிலாந்துப் பள்ளிக் கூரைகளுக்கு அடியில் உண்மையிலேயே முட்டுக்கொடுத்து நின்றது இந்த ஒரு கிழமைதான். ஒரு பென்னி செலவில்லை. டெண்டர் இல்லை. வாரம் தவறாமல் தானே வந்துவிடும். இப்பேர்ப்பட்ட தெய்வத்துக்கு ஒரு கற்பூரம்கூடக் காட்டாத அரசாங்கத்தை என்னவென்று சொல்வது?

(நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகிப்போன 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை.)

விழுந்த கூரை எதனால் ஆனது என்று சொன்னால் நம் வீட்டு அடுக்களைக்குச் சட்டென்று புரியும். சிமென்ட், சுண்ணாம்பு, மாவாக அரைத்த மணல் அல்லது அனல்மின் நிலையத்துச் சாம்பல், தண்ணீர். கரைத்த மாவில் கொஞ்சம் அலுமினியத் தூள். சுண்ணாம்புக் கரைசலில் அலுமினியம் விழுந்ததும் ஹைட்ரஜன் கிளம்பும், மாவு நுரைத்துப் பொங்கி எழும்பும். எழும்பியதைக் கம்பியால் துண்டு போட்டு, இறுக மூடிய கலத்தில் நீராவி அழுத்தத்தில் வேகவைத்து எடுப்பார்கள். இட்லிதான், வேறென்ன. 1920களில் சுவீடன்காரர் யோஹான் ஆக்செல் எரிக்சன் கண்டுபிடித்தது. தமிழ்நாட்டில் இன்று வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கு ஏஏசி பிளாக் என்று வாங்குவது இதே மாவில் வார்த்த உடன்பிறப்பு. சுவருக்கு அது ஒன்றும் மோசமான சரக்கு இல்லை. எடை குறைவு, வெயில் இறங்காது.

வம்பு, இட்லிக்குள் கம்பி வைத்து நீளப் பலகையாக வார்த்துத் தலைக்கு மேலே போட்டதில் வந்தது. ஜல்லி கிடையாது. உடம்பில் பெரும்பகுதி காற்று. சாதாரண கான்கிரீட் தன்னுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் தானே காக்கும். இது காக்காது என்று கம்பிக்குத் தனியாகப் பூச்சுப் பூசித்தான் வார்த்தார்கள். மேலே தண்ணீர் நின்றால் உறிஞ்சிக்கொள்ளும். பலகையின் முனை சுவர் மேல் தேவையான அகலத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டுகிற இடத்தில் அவசரத்துக்கு அறுத்துப் பொருத்தினால் அந்த உட்காரும் இடம் குறையும். அப்படிப்பட்ட பலகை முன்கூட்டி முனகாது. விரிசல் காட்டி எச்சரிக்கிற நாகரிகம்கூட இல்லாமல் ஒரே மூச்சில் வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் இதை உள்ளே குமிழ் குமிழாக இருக்கும் ஒரு சாக்லேட்டுக்கு ஒப்பிட்டார்கள். பலகையின் சுருக்கப் பெயர் ராக். தமிழில் எழுதினால் பாறை மாதிரி ஒலிக்கிறது. ஏமாற வேண்டாம்.

முப்பது ஆண்டு உழைக்கும் என்று சொல்லப்படும் இந்தப் பலகையை 1950களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் என்று கைக்குக் கிடைத்த இடமெல்லாம் போட்டார்கள். 1950 கூரைக்கு 1980இல் ஆயுள் முடிகிறது. 1970 கூரைக்கு 2000இல். இந்தக் கழித்தல் கணக்கைப் போட அந்தப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போதும். 1996இலேயே பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம், 1980க்கு முன் வடிவமைத்த பலகைகள் தொய்கின்றன, விரிசல் விடுகின்றன என்று எழுதி வைத்தது. எழுதி வைத்ததைப் பத்திரமாக வைத்தார்கள். கூரையை அப்படியே வைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு கூட்டம் கைதட்டிக்கொண்டு எழுந்திருக்கும். பார்த்தீர்களா நவீனக் கட்டடக்கலையின் லட்சணத்தை! தட்டைக் கூரை, தீப்பெட்டி வடிவம், கண்ணாடிச் சுவர். விக்டோரியா ராணி காலத்துச் செங்கல் பள்ளி கல்லுக்குண்டாக நிற்கிறதே!

நிற்கிறது, ஐயா. அந்தப் பள்ளியின் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? பிள்ளையின் தலைக்கு மேலே. வெளியே பார்த்தால் பாடத்தில் கவனம் போய்விடுமாம். வெளிச்சம் மட்டும் கிணற்றுக்குள் விழுவது மாதிரி மேலிருந்து விழும். பிள்ளைக்கு வானத்தில் ஒரு துண்டு தெரியும், மரம் தெரியாது. அந்தக் கட்டடத்தை இடியாமல் கட்டியதற்காகப் பாராட்டலாம். சிறைச்சாலையும் இடியாமல்தான் நிற்கிறது.

நவீனப் பள்ளி என்ற எண்ணம் பிறந்தது அந்த ஜன்னலின் மேல் வந்த கோபத்தில். காசநோய் பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்த காலம். காற்றும் வெயிலும் மருந்து என்று வைத்தியர்கள் சொல்ல, கட்டடக் கலைஞர்கள் சுவரைத் திறந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் யான் டௌகர் 1930இல் கட்டிய திறந்தவெளிப் பள்ளியை இன்றும் பார்க்கலாம். அடுக்கடுக்காகக் கண்ணாடி, மூலையில் தூணே இல்லை, ஒவ்வொரு மேல்தளத்திலும் வெயில் காய ஒரு திறந்த மாடம். ஆனால் தெருவிலிருந்து தேடினால் சட்டென்று அகப்படாது. தெருவைப் பார்த்து அப்படி ஒரு கட்டடம் நிற்பதை ஊர் விரும்பவில்லை. வீடுகளுக்குப் பின்னால், முற்றத்தில் ஒளித்து வைத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காட்டக் கூச்சப்படும் பிள்ளை மாதிரி.

என் கோபத்துக்கு உரிய கதை இதற்கு அடுத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த இங்கிலாந்து. செங்கல் இல்லை, கொத்தனார் இல்லை, மரம் இல்லை, பணமும் இல்லை. பிள்ளைகள் மட்டும் ஏராளமாகப் பிறந்துகொண்டிருந்தார்கள். லண்டனுக்கு வடக்கே ஹர்ட்ஃபர்ட்ஷயர் என்றொரு மாவட்டம். அதன் கல்வி அதிகாரி ஜான் நியூசம், கட்டடப் பிரிவில் ஆஸ்லின், ஸ்டிரட் ஜான்சன்-மார்ஷல், கட்டடக் கலைஞர்களான மேரி க்ரவ்லி, டேவிட் மெட். அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர்கள். விருதுக்கு ஆசைப்பட்டுப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்தவர்கள் இல்லை.

கொத்தனார் இல்லையா, சரி, இரும்புச் சட்டத்தைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டலாம் என்றார்கள். 8 அடி 3 அங்குலம் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். 1950களின் நடுப்பகுதிக்குள் மாவட்டம் நூறு பள்ளிகளைக் கட்டிவிட்டது. வேகமும் மலிவும் இவ்வளவோடு முடிந்திருந்தால் எனக்கு அதில் பேச ஒன்றுமில்லை. மேரி க்ரவ்லி (பிறகு மேரி மெட்) பள்ளிகளுக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தார், பிள்ளைகளோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டார். ஆறு வயதுக் கை எவ்வளவு தூரம் நீளும், கோட்டு மாட்டும் ஆணி எந்த உயரம், நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடுகிறதா, கைகழுவும் தொட்டி பிள்ளையின் இடுப்புக்கு வருகிறதா. ஜன்னல் விளிம்பு கீழே இறங்கியது. பிள்ளைக்கு மரம் தெரிந்தது. கழிவறைக்குப் போக நீண்ட குளிர்ந்த தாழ்வாரத்தைக் கடக்க வேண்டாம் என்று வகுப்புக்கு அருகிலேயே வைத்தார்கள். பண்டகசாலைக்குக்கூட ஒத்துக்கொள்ளாத பழுப்பு நிறத்தைத் தூக்கிவிட்டு நல்ல வண்ணம் பூசினார்கள். ஒரு ராஜ்ஜியத்தின் அரசு அதிகாரிகள் வேலை நேரத்தில், முழங்காலை மடக்கி, பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி அளவு எடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் எந்தப் போர் வெற்றியைவிடவும் எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நவீனக்காரர்கள் எல்லோரும் இப்படி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நார்ஃபோக்கில் ஹன்ஸ்டன்டன் ஊரில், பெரிய பிள்ளைகளுக்காக அலிசன் ஸ்மித்சனும் பீட்டர் ஸ்மித்சனும் 1954இல் முடித்த பள்ளி இருக்கிறது. உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்கள் மனப்பாடம் செய்த கட்டடம். இரும்பும் கண்ணாடியும். கோடையில் அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ்பெட்டி, கண்ணாடிகள் உடைந்தன, சத்தம் மண்டையைப் பிளந்தது. புகைப்படம் எடுத்தபோது மேசை நாற்காலிகளை வெளியே தூக்கிவைத்துவிட்டு வெற்று அறையைப் படம் பிடித்தார்கள். மாப்பிள்ளை இல்லாமல் கல்யாண ஆல்பம்! பள்ளியின் அழகைப் பிள்ளைகள் கெடுக்கிறார்கள் என்று நினைக்கும் மேதைகள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் கோயிலில் நுழைவுச் சீட்டு இரு மடங்கு.

ஆனால் கூரை விழுந்ததற்கு மேதைகள் காரணம் இல்லை. காரணம் வேறு தளத்தில் உட்கார்ந்திருந்தது, கையில் பென்சிலோடு.

ஹர்ட்ஃபர்ட்ஷயர் கண்டுபிடித்ததில் இரண்டு பொருள் இருந்தன: தொழிற்சாலையில் செய்து பூட்டும் வேகம் ஒன்று, மடங்கிய முழங்கால் இன்னொன்று. மேலே இருந்தவர்கள் வேகத்தை எடுத்துக்கொண்டு முழங்காலை விட்டுவிட்டார்கள். பிள்ளை ஒன்றுக்கு இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வந்தது. வரம்பு வருவது தவறில்லை, ஆனால் அது ஏறாமல் விலைவாசி மட்டும் ஏறினால் ஏதாவது ஒன்று மெலிய வேண்டும், கூரையும் சுவரும் மெலிந்தன. 1957இல் பல மாவட்டங்கள் சேர்ந்து கிளாஸ்ப் என்றொரு கூட்டணி அமைத்துப் பாகம் பாகமாகப் பள்ளிகளைச் செய்து பூட்டின. 1960இல் மிலான் கண்காட்சிக்கு ஒரு பள்ளியையே கொண்டுபோய் நிறுத்திப் பெரிய பரிசை வாங்கின. அந்தக் கட்டடங்களின் சந்து பொந்தெல்லாம் கல்நார் திணித்திருந்தது பிற்பாடு தலைவலியாயிற்று. பரிசுப் பதக்கம் எங்கேயோ பத்திரமாக இருக்கும். இதே அலையில் நம் இட்லிப் பலகையும் வந்து இறங்கியது. எடை குறைவு, சட்டென்று பரப்பலாம், விலை மலிவு. முப்பது ஆண்டு கழித்து மாற்ற வேண்டும் என்றால் முப்பது ஆண்டு கழித்து வேறு ஒருவர் அமைச்சராக இருப்பார்.

வேறு ஒருவர் வந்தார். பல பேர் வந்தார்கள். எல்லோரையும் பாடினால் ஏடு போதாது, ஒருவரை மட்டும் நின்று பாடுகிறேன்.

மைக்கேல் கோவ். பெயரிலேயே கோ இருக்கிறது. 2010இல் கல்வி அமைச்சரானதும், முந்தைய அரசு தொடங்கியிருந்த 5,500 கோடி பவுண்டுப் பள்ளிக் கட்டுமானத் திட்டத்தை ஜூலை 5 அன்று நிறுத்தினார். 715 பள்ளிகளின் வேலை நின்றது. அந்தத் திட்டத்தில் ஆலோசகர்கள் தின்றது கொஞ்சமில்லை, பெரிய கண்ணாடிக் கூடங்களைப் பார்த்துப் பல்லிளித்ததும் உண்டு. நிறுத்துவதற்குக் காரணம் தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் எந்தெந்தப் பள்ளி என்ற பட்டியலே தப்பும் தவறுமாக வந்து நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆறு உள்ளாட்சிகள் வழக்குப் போட்டு ஜெயித்தன. அவற்றில் சிலவற்றைக் கலந்து பேசாமல் விட்டது அதிகார துஷ்பிரயோகம் என்கிற அளவுக்கு அநியாயம் என்று உயர் நீதிமன்ற நீதிபதி எழுதினார்.

மன்னர் தளரவில்லை. இனி உங்கள் பள்ளியை ரிச்சர்ட் ரோஜர்ஸ் வடிவமைக்கப் போவதில்லை, கட்டடக் கலைஞர்களைப் பணக்காரர்களாக்க நாம் இங்கே கூடவில்லை என்று 2011இல் மேடையில் முழங்கினார். கைதட்டு. நாட்டிலேயே முன்மாதிரிப் பள்ளி என்று இதே கோவ் வாய் ஓயாமல் புகழ்ந்தது, ஹாக்னியில் இருக்கும் மாஸ்பர்ன் பள்ளியை. அதன் தலைமை ஆசிரியரைத்தான் நாட்டின் பள்ளி ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார். அந்தப் பள்ளியை வடிவமைத்தது யார் என்று கேட்கிறீர்களா? ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம். சாம்பாரைப் புகழ்ந்துவிட்டுப் பருப்பைத் தடை செய்கிற சமையல் இது.

பள்ளிகளை எப்படிக் கட்டுவது என்று ஆராயும் குழுவுக்குத் தலைவராக வந்தவர் டிக்சன்ஸ் நிறுவனத்தின் உயர் நிர்வாகி. டிக்சன்ஸ் டிவியும் பிரிட்ஜும் விற்றுவந்த கடை. கடைக்காரர் கடைக்காரர் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார்: ஒரே அச்சில் வார்த்துவிடுங்கள். 2012 அக்டோபரில் மாதிரி வரைபடங்கள் வந்தன. உயர்நிலைப் பள்ளிகள் 15 சதவீதம் சுருங்கின, தொடக்கப் பள்ளிகள் 5 சதவீதம். அதோடு தடைப் பட்டியல் ஒன்று. கண்ணாடிச் சுவர் கூடாது. விளையாட மொட்டை மாடி கூடாது. வளைவு கூடாது.

திரும்பப் படித்துக்கொள்ளுங்கள், நானும் இரண்டு முறை படித்தேன். வளைவு கூடாது. பட்டை பட்டையாக வெட்டி வளைவு மாதிரி தோன்றச் செய்வதும் கூடாது. வளையாதது செங்கோல், வளைந்தது கொடுங்கோல் என்று நம் புலவர்கள் அரசர்களுக்குச் சொன்னதை இந்த மன்னர் சுவரைப் பற்றிய அறிவுரை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு நாட்டின் கல்வி அமைச்சகம், தன் பிள்ளைகளின் தலைக்கு மேலே முப்பது ஆண்டு ஆயுள் கொண்ட பலகைகள் நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, எந்தச் சுவராவது வளைகிறதா என்று பார்த்தது. சுவர் வளையக் கூடாது, கூரை வளைந்து தொய்யலாம். அந்த வளைவுக்குத் தடை இல்லை.

அப்புறம் மீன் சந்தை.

பள்ளிகளைப் பழுது பார்க்கவும் பராமரிக்கவும் ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும்? 2020இல் போட்ட கணக்கில், நல்ல நடைமுறை என்றால் 700 கோடி பவுண்டு. கல்வித் துறை, 530 கோடி போதும் என்றது. சரி, நிதித் துறையிடம் அதையாவது கேட்டதா? கேட்டது 400 கோடி. கிடைத்தது 310 கோடி. வஞ்சிரம் வாங்கப் போனவன் கடைக்காரன் வாய் திறப்பதற்கு முன்பே தானாக மத்திக்கு இறங்கி, மத்தியையும் பேரம் பேசி, வாலை மட்டும் வாங்கி வந்த கதை. இது யாரோ எதிர்க்கட்சிக்காரர் சொன்னதில்லை. நாட்டின் தணிக்கை அலுவலகம் 2023 ஜூனில் அச்சடித்த அறிக்கை. 24,000 பள்ளிக் கட்டடங்கள், மொத்தத்தில் 38 சதவீதம், முதலில் கணக்கிட்ட ஆயுளை அப்போதே தாண்டிவிட்டிருந்தன. பெரிய அளவில் செப்பனிட வேண்டிய பள்ளிகளில் 7 லட்சம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் விழுந்து உயிர்ச்சேதமோ காயமோ நேரும் ஆபத்தைக் கல்வித் துறையே 2021 கோடையிலிருந்து தன் பதிவேட்டில் எப்படிக் குறித்து வைத்திருந்தது தெரியுமா? விளைவு மிகக் கடுமை, நடக்க வாய்ப்பு மிக அதிகம்.

குறித்து வைத்தார்கள். கோப்பை மூடினார்கள். டீ வந்திருக்கும்.

அந்த 2021இலேயே, ஆண்டுக்கு 300 முதல் 400 பள்ளிகளைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று கல்வித் துறை கணக்குச் சொல்லியும், ஏற்கெனவே 100 பள்ளிகளுக்குத்தான் நிதி வந்துகொண்டிருந்த நிலையில், அதையும் 50 ஆக அறுத்தார்கள். அப்போது நிதி அமைச்சர் ரிஷி சுனக். இதை வெளியில் சொன்னவர் கல்வித் துறையின் உயர் அதிகாரியாக இருந்த ஜானதன் ஸ்லேட்டர். என்னைக் குறை சொல்வது முழுக்க முழுக்கத் தவறு என்றார் சுனக், அதற்குள் பிரதமராகியிருந்தார். 22,000 பள்ளிகளில் 95 சதவீதத்துக்குப் பாதிப்பு இல்லை என்று ஆறுதலும் சொன்னார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நல்ல மதிப்பெண்தான், கணக்குப் பரீட்சையில். கூரையில் மீதி ஐந்து சதவீதம் என்றால் 1,100 பள்ளிகள். பத்தாயிரம் விமானம் ஏறினால் 9,500 இறங்கிவிடும் என்று ஒரு விமானக் கம்பெனி விளம்பரம் செய்தால் சுனக் தன் பிள்ளைகளை ஏற்றுவாரா?

2023 கோடையில், இதற்கு ஒன்றும் ஆகாது என்று சான்று பெற்றிருந்த பலகைகள் விழத் தொடங்கின. ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை. பள்ளி திறக்க நாலு நாள். புதுச் சீருடை வாங்கியாகிவிட்டது, பைக்குப் பெயர் எழுதியாகிவிட்டது. அன்றைக்குத்தான் 104 பள்ளிகளுக்கு, இந்தப் பலகை இருக்கும் கட்டடங்களை மூடுங்கள் என்று உத்தரவு போனது. அதற்கு முன் அந்த ஆண்டிலேயே 52 பள்ளிகளில் வேலை நடந்தது. 2024 பிப்ரவரிக்குள் எண்ணிக்கை 234. கூடாரம், தகர அறை, பக்கத்துப் பள்ளியின் மூலை. தற்காலிக இடத்துக்கான வாடகை உங்கள் பாடு என்று முதலில் சொன்னார்கள், கூச்சல் கிளம்பியதும் மாற்றிக்கொண்டார்கள். எவ்வளவு செலவானாலும் செய்வோம் என்று நிதி அமைச்சர் ஜெரமி ஹன்ட் மார்தட்டினார். அது புதுப் பணம் இல்லை, கல்வித் துறையின் இருக்கிற பணத்திலேயே என்று அவருடைய துறை அதே மூச்சில் விளக்கம் சொன்னது. பிள்ளையின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பிள்ளைக்கே விருந்து.

கல்வி அமைச்சர் ஜில்லியன் கீகன், தொலைக்காட்சிப் பேட்டி முடிந்தது என்று நினைத்து, ஒலிவாங்கி அணையாததைக் கவனிக்காமல், எல்லோரும் ஒன்றும் செய்யாமல் குந்திக்கொண்டிருந்தார்கள், நான் நன்றாக வேலை செய்ததற்கு யாராவது ஒரு பாராட்டுச் சொல்கிறார்களா என்று கெட்ட வார்த்தை சேர்த்துப் புலம்பினார். மறுநாள், கேள்வித்தாளை நிரப்பி அனுப்பாத பள்ளிகளைப் பார்த்து, பின்புறத்தை நாற்காலியிலிருந்து எழுப்புங்கள் என்றார். கவனித்தால், அந்த அரசாங்கத்தில் கூரையைப் பற்றிப் பேசவேண்டியவர்கள் எல்லோரும் நாற்காலியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை உட்காரும் நாற்காலியின் உயரத்தை அளந்த மேரி மெட் ஒருத்திதான் அந்த நாட்டில் நாற்காலியைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர். அவர் 2005இல் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்லதாயிற்று.

இன்னொன்று. நாடாளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையிலும் இந்தப் பலகை அகப்பட்டது. உடனடி ஆபத்து ஒன்றுமில்லை என்றார்கள். உறுப்பினர்களைக் கூடாரத்தில் உட்கார வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒரே வாரத்தில் 22,000 கூரைக்கும் பணம் கிடைத்திருக்கும். கிடைக்காது என்று பந்தயம் கட்டுகிறவர்கள் கோயில் நிதிக்குக் கட்டலாம்.

ஆக, கோயில் விஷயத்துக்கு வருகிறேன். திட்ட மதிப்பீடு தயார். ஸ்தபதி 7 லட்சம் கேட்கிறார். நான் 5.3 லட்சம் போதும் என்று எழுதி, 4 லட்சத்துக்கு விண்ணப்பித்து, 3.1 லட்சம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். விமானத்தில் வளைவு கூடாது. பட்டை பட்டையாக வெட்டி வளைவு மாதிரி காட்டுவதும் கூடாது. காக்கையின் மூக்கு வளைந்திருப்பதால் வாகனத்துக்கு மட்டும் சிறப்பு அனுமதி கேட்டிருக்கிறேன். கருவறையைத் தொடக்கப் பள்ளிக் கணக்கில் 5 சதவீதம் சுருக்கியாகிவிட்டது, சுவாமி கொஞ்சம் ஒருக்களித்து நிற்பார். திருநள்ளாற்றில் குளித்துவிட்டு உடுத்திய துணியைக் குளத்திலேயே விட்டு வருவது வழக்கம். இங்கே அமைச்சர்கள் வந்து பொறுப்பை விட்டுவிட்டுப் போகலாம், பெரிய தொட்டியாகவே கட்டச் சொல்லியிருக்கிறேன். எள் தீபம் உண்டு. பிரசாதம் இட்லி, கம்பி இல்லாதது.

கூரையும் அதே சரக்குதான், விலை கட்டுப்படியாகிறது. அதனால் நடை சனிக்கிழமை சாத்தியிருக்கும். மற்ற ஆறு நாளும் திறந்திருக்கும். அமைச்சர்கள் மட்டும் உள்ளே வரலாம். பிள்ளைகளை வெளியே, மரத்தடியில் நிறுத்துங்கள்.